தட்டத் தட்ட ஆடும்!

சிக்னலில் நிற்கிற பழைய டீசல் பஸ்ஸில் ஜன்னலெல்லாம் கடகடவென்று நடுங்கும். வேகமெடுத்ததும் கப்சிப்! இன்ஜின் வேகம் கூடின பிறகு நடுக்கம் குறைவானேன்?

எடையும் விறைப்பும் சேர்ந்து, எந்தப் பொருளுக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. 'விநாடிக்கு இத்தனை தடவைதான் ஆடுவேன்' என்கிற பிடிவாதம். இன்ஜின் அதே தாளத்தில் தட்டினால் போச்சு, ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். தாளம் தப்பினால் அடங்கும். ஒத்ததிர்வு என்று பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதுதான் சார் இது.

ஜன்னல் ஆடினால் தலைவலியோடு போகும். பாலம் ஆடினால்? லண்டனில், தேம்ஸ் நதிமேல் மில்லினியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். ஜனம் திமுதிமுவென்று ஏற, பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. நடக்கும்போது இடது காலால் ஒரு தள்ளு, வலது காலால் ஒரு தள்ளு. இந்தப் பக்கவாட்டுத் தாளம் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று. பாலத்தின் தாளமும் அதையொட்டித்தான். தடுமாறின ஜனங்கள் விழாமலிருக்கக் காலை அகட்டி நடக்க, அது இன்னும் ஆட... யாரும் 'லெஃப்ட், ரைட்' போடவே இல்லை! இரண்டே நாளில் இழுத்து மூடினார்கள்.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இரும்பைக் கொட்டிப் பாலத்தைத் தடியாக்கவில்லை. பைக்கின் ஷாக் அப்சார்பர் மாதிரி, ஆட்டத்தின் சக்தியை விழுங்கும் டேம்பர்களைக் கிட்டத்தட்ட 90 பொருத்தினார்கள். 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஜனங்கள் பழையபடியே நடக்கிறார்கள். பாலம் சும்மா இருக்கிறது.