கொன்றவரும் மாண்டவரும்: ஒரு மர்ம நாவல் திரைக்கு வந்த கதை

நாவல் ஒன்று திரைப்படமாகிறது என்றால் வாசகர் கேட்கும் முதற் கேள்வி, “மூலக் கதையைக் கெடுக்காமல் எடுத்திருக்கிறார்களா?” என்பதே. சமூக நாவலாயின் இதற்கு ஒருவாறு விடை கூறிவிடலாம். மர்ம நாவலின் நிலை வேறு. அதன் உயிர் இறுதி அத்தியாயத்திலே ஒளிந்திருக்கும் ஓர் இரகசியம். நூலைப் படித்தவன் அந்த இரகசியத்தைச் சுமந்துகொண்டே கொட்டகைக்குள் நுழைகிறான். உள்ளதை உள்ளவாறே படமாக்கினால் அவன் அங்கே அஞ்சுவதற்கு எதுவுமில்லை. மாற்றிவிட்டாலோ மூலத்துக்குத் துரோகம் செய்ததாகப் பழி வரும். இந்த இக்கட்டை நேர்நின்று எதிர்கொண்ட படங்களுள் தலையாயது, 1955ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லே தியாபொலிக்’ என்னும் பிரெஞ்சுப் படமாகும். பேய்க்குணம் படைத்தோர் என்பது அப்பெயரின் பொருள்.

அப்படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர் ஒருவரல்லர், இருவர். பியர் புவலோ, தோமஸ் நார்ஸ்ஜாக் என்னும் அவ்விருவரும் சேர்ந்து எழுதத் தொடங்குமுன்னரே தனித்தனியே பெயர் பெற்றிருந்தனர். பிரான்சில் வீரசாகச நாவல்களுக்கென வழங்கப்படும் பரிசைப் புவலோ 1938இலும், நார்ஸ்ஜாக் 1948இலும் பெற்றனர். ஆங்கிலேயரின் துப்பறியும் கதை ஒரு கணக்குப் போன்றது. அமெரிக்கரின் கதையோ முரட்டுத் துப்பறிவாளனின் கைவலிமையை நம்பி நிற்பது. இவ்விரு வழிகளையும் விடுத்து மூன்றாவது வழியொன்றை இவர்கள் நாடினர். துப்பறிபவனின் கண்கொண்டு பாராமல், வலையிலே சிக்கித் தவிப்பவனின் கண்கொண்டு குற்றத்தைப் பார்ப்பதே அவ்வழி. 1952இல் வெளிவந்த அந்த நாவலின் பெயரைத் தமிழில் ‘இல்லாமற் போனவள்’ எனலாம்.

கதை இது: ரவினெல் என்பவன் ஊரூராகச் சென்று தூண்டில் முதலிய மீன்பிடி சாதனங்களை விற்கும் பிரதிநிதி. அவனுடைய மனைவி மிரெயில்; காதலி லூசியென் என்னும் பெண் வைத்தியர். மனைவியின் ஆயுட் காப்புறுதிப் பணத்தை விரும்பி இருவரும் அவளை நாந்த் நகருக்கு வரவழைத்து, மயக்க மருந்து கொடுத்துக் குளியற் தொட்டியில் அமிழ்த்திக் கொல்கின்றனர். பிரேதத்தைக் கொண்டுபோய், பரிசுக்கு அண்மையிலுள்ள ரவினெலின் வீட்டருகே, துணி துவைக்கும் நீர்த்துறையில் இடுகின்றனர். தற்செயலாக நேர்ந்த மரணம்போல் அது தோன்றவேண்டுமென்பது திட்டம். ஆனால், மறுபடி சென்று பார்க்கும்போது பிரேதத்தைக் காணோம். பின்பு இறந்தவளின் கையெழுத்தில் கடிதம் வருகிறது; அவளைக் கண்டதாக உறவினர் கூறுகின்றனர். மூடுபனிக்குள்ளே வழி தவறியவன்போல ரவினெல் தன் மனத்துக்குள்ளேயே அலைகிறான்.

இதனைப் படமாக்க முன்வந்த ஹென்றி ஜோர்ஜ் குளூசோ, மூல நூலுக்கு அடங்கி நடப்பவர் அல்லர். 1947இல் அவர் எடுத்த ‘கே தெ ஓர்பேவ்ர்’ என்னும் படத்துக்கு ஸ்டீமன் என்னும் பெல்ஜிய எழுத்தாளரின் நாவலே ஆதாரம். நூற்பிரதி கிடைக்காமையால் தம் நினைவில் நின்ற கதையை வைத்தே அவர் திரைக்கதையை எழுதத் தொடங்கினார். முடிவில், கொலைகாரன் யார் என்பதிற்கூடப் படமும் நாவலும் வேறுபட்டு நின்றன. 1953இல் ஷோர்ஷ் அர்னோவின் நாவலிலிருந்து அவர் உருவாக்கிய ‘அச்சத்தின் கூலி’ உலகப் புகழ் பெற்றது. அடுத்து அவர் கையிலெடுத்தது ‘இல்லாமற் போனவள்’. ஜெரோம் ஜெரோனிமி என்னும் புனைபெயரில் எழுதிய தம் சகோதரரையும் துணையாகக் கொண்டு அவர் திரைக்கதையை அமைத்தார்.

அவர் செய்த முதன் மாற்றம் துணிகரமானது. நாவலிலே கணவனும் காதலியும் சேர்ந்து மனைவியைக் கொல்கின்றனர். படத்திலே மனைவியும் காதலியும் சேர்ந்து கணவனைக் கொல்கின்றனர். காப்புறுதிப் பணம் என்னும் நோக்கம் மறைந்து, கொடுமையினின்றும் விடுதலை என்பது அவ்விடத்தைப் பிடிக்கிறது. விற்பனைப் பிரதிநிதியின் வீடு, பரிசுக்கு அண்மையிலுள்ள ஒரு விடுதிப் பாடசாலையாகிறது. பாடசாலைக்குச் சொந்தக்காரி, இதயநோயுடைய கிறிஸ்தினா. அவள் பணத்திலே அதிபராக வாழ்பவன் கணவன் மிஷெல். அவனுடைய காதலியாயிருந்தவள் அங்கே கற்பிக்கும் நிக்கோல். மனைவியையும் காதலியையும் ஒருங்கே துன்புறுத்தும் அவனை, நியோர் நகரிலுள்ள நிக்கோலின் வீட்டுக்கு வரவழைத்து, மருந்து கலந்த மதுவைக் கொடுத்துக் குளியற் தொட்டியில் அமிழ்த்துகின்றனர். நியோர், குளூசோ 1907இல் பிறந்த ஊர். பிரேதம் பெரிய பிரம்புப் பெட்டியொன்றிலே பாடசாலைக்கு வந்து, பாசி படர்ந்த நீச்சற் குளத்துள் இறங்குகிறது. பின்பு குளத்து நீரை இறைக்கும்போது அடியிலே சேறுதான் இருக்கிறது, பிரேதம் இல்லை.

இம்மாற்றம் ஏன் வேண்டப்பட்டது? நூலைப் படித்தவரையும் திகைக்க வைப்பது ஒரு காரணம். ஆனால் அதனினும் ஆழமான காரணம் கலைவடிவத்திலேயே இருக்கிறது. நாவலாசிரியன் ரவினெலின் நெஞ்சுக்குள் புகுந்து, அவனுடைய அச்சத்தைப் பக்கம் பக்கமாக எழுதலாம். “இறந்தவர்கள் திரும்பி வருவார்களோ?” என்று அவன் எண்ணும்போது நாமும் எண்ணுகிறோம். திரைக்கு அவ்வாறு எண்ணத் தெரியாது, காட்டத்தான் தெரியும். தனியொருவனின் மனப்போராட்டத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தால், வெளிறிய முகமொன்று இரண்டு மணி நேரம் நடந்து திரிவதையே காணவேண்டியிருக்கும். குளூசோ அவனுடைய மனத்தை இரண்டாகப் பிளந்து இரு பெண்களாக்கினார். தெய்வத்துக்கும் நரகத்துக்கும் அஞ்சும் பாதி கிறிஸ்தினா. காரியத்தை முடிக்கத் துணியும் பாதி நிக்கோல். நூலிலே ஒருவன் உள்ளத்துள் நடந்த வாதம், படத்திலே இருவர் பேச்சாகவும் பார்வையாகவும் வெளிப்படுகிறது. வேரா குளூசோவின் நடுங்கும் கண்களும் சிமோன் சிஞ்ஞோரேயின் கல்போன்ற முகமும் நாவலின் பல அத்தியாயங்களுக்கு ஈடாகின்றன.

அச்சத்தையும் அவர் பொருள்களிடத்தே குடியேற்றினார். மிஷெல் இறக்கும்போது அணிந்திருந்த உடை, சலவைக் கடையிலிருந்து தூய்மையாகத் திரும்பி வருகிறது. பாடசாலைப் புகைப்படமொன்றின் பின்னணியிலே, யன்னற் கண்ணாடிக்கு அப்பால், மங்கலான உருவமொன்று தெரிகிறது. ஒலியிலும் இதே சிக்கனம். தொடக்கத்திலும் முடிவிலுமன்றிப் படத்திலே இசையில்லை. தொட்டியிலே நீர் நிறையும் ஓசைதான் கொலைக் காட்சிக்கு இசை. மேல்மாடியிற் குடியிருப்போர், அவ்வோசையால் வானொலி நிகழ்ச்சியைக் கேட்கமுடியவில்லை என்று சலித்துக்கொள்கின்றனர். கீழே ஓர் உயிர் போகிறது. மேலே வானொலிக்கு இடைஞ்சல். நூலில் இதனை எழுதினால் ஆசிரியரின் கேலி வெளியே தெரிந்துவிடும். படத்திலே நாம் தாமாகவே கேட்டு உணர்கிறோம்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இப்படத்தின் பாடசாலையை எளிதில் மறக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கெட்டுப்போன மீனைப் பரிமாறும் அதிபன், அதனை விழுங்க மறுக்கும் மனைவியை மண்டபத்திலே எல்லோர் முன்னிலையிலும் வற்புறுத்தி விழுங்கச் செய்கிறான். மற்றை ஆசிரியர்கள் பார்த்தும் பாராதிருக்கின்றனர். பின்னொரு நாள் யன்னற் கண்ணாடியை உடைத்த மாணவன் ஒருவன், அதிபர் தன்னைத் தண்டித்ததாகக் கூறுகிறான். இறந்தவன் எவ்வாறு தண்டிப்பான்? பிள்ளை பொய்யன் என்று பெயரெடுத்தவன். எனவே எவரும் நம்பவில்லை. பெரியோர் அனைவரும் மறைத்தும் நடித்தும் வாழும் ஓரிடத்தில், கண்டதைக் கண்டவாறு சொல்லும் சிறுவனின் சொல்லுக்கு மதிப்பில்லாது போவதே இப்படத்தின் கசப்பான உண்மை. நாவலில் இல்லாத இவ்வுண்மையைத் தந்தது குளூசோ அமைத்த பாடசாலைதான்.

ஆயினும் இழப்பு இல்லையென்று கூறுதல் நேர்மையாகாது. ரவினெல் கொலைகாரன், எனினும் நாவலை மூடும்போது நம் நெஞ்சு அவனுக்காக இரங்குகிறது. தான் கொன்றவளை, இழந்த பின்னரே நேசிக்கத் தொடங்கும் மனிதனின் துயரம் அது. குளூசோவின் படத்தில் அச்சம் மிகுதி; இரக்கம் குறைவு. பனிமூட்டத்துள் ஒலித்த அந்த மெல்லிய புலம்பல் திரையிலே கேட்கவில்லை. நாவலாசிரியர்களின் ஆன்மாவை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கட்டிய பொறியை எடுத்துக்கொண்டு, தம் ஆன்மாவை அதனுள் வைத்தார் என்பதே பொருந்தும்.

இதே எழுத்தாளர் இருவரும் 1954இல் வெளியிட்ட வேறொரு நாவலை அல்பிரட் ஹிட்ச்கொக் 1958இல் ‘வேர்ட்டிகோ’ என்னும் படமாக்கினார். பரிசிலும் மார்செயிலும் நடந்த கதை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிற்று. அவர் செய்த மாற்றம் குளூசோ செய்ததற்கு நேர்மாறானது. நாவல் இறுதிவரை காத்த இரகசியத்தை அவர் முடிவுக்கு வெகு முன்னரே பார்வையாளருக்கு உடைத்துவிட்டார். அதனால் வியப்பு குறைந்தது. ஆனால் குளூசோவிடம் நாம் தேடிய அந்த இரக்கம் அங்கே பெருகிற்று. ஒருவர் இரகசியத்தைக் காத்து அச்சத்தை வென்றார். மற்றவர் இரகசியத்தைத் துறந்து துயரத்தை வென்றார். இருவரும் மூலத்தை மாற்றியவர்களே. இருவரும் மூலத்தின் ஒவ்வொரு பகுதிக்கு உண்மையாய் இருந்தவர்களே. ‘லே தியாபொலிக்’கை 1996இல் அமெரிக்கர் மீண்டும் படமாக்கியபோது கதை இருந்தது, அந்தப் பாசி படர்ந்த குளத்தின் குளிர்ச்சி இல்லை.

ஆகவே, “மூலத்தைக் கெடுக்காமல் எடுத்திருக்கிறார்களா?” என்னும் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்பது நன்று. மூலத்தில் எதனைக் காப்பதற்காக எதனை இழக்கத் துணிந்தார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. சம்பவங்களை வரிசையாக ஒப்பு நோக்குவோருக்கு குளூசோவின் படம் ஒரு துரோகம். தன் கண்ணையே நம்பமுடியாத நிலைக்கு ஒருவரைத் தள்ளுவதே அந்நாவலின் சாரம் எனக் கொள்வோருக்கு அது நன்றிக்கடன் செலுத்திய படம்.

படம் முடிந்ததும் திரையிலே ஒரு வேண்டுகோள் தோன்றுகிறது. நீங்களும் பேய்க்குணம் படைத்தவர்களாகிவிடாதீர்கள். கண்டதை நண்பருக்குச் சொல்லி அவர்தம் சுவையைக் கெடுத்துவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. அவ்வேண்டுகோளுக்கு மதிப்பளித்து, நாவலின் முடிவையும் படத்தின் முடிவையும் இக்கட்டுரை இங்கே சொல்லாது விடுகிறது. இரண்டையும் தேடி, நூலை முன்னும் படத்தைப் பின்னுமாகச் சுவைப்போர், மாற்றத்தின் நியாயத்தைத் தாமே கண்டுகொள்வர்.