சரிகை ஏன் கறுக்கிறது?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்றாலே தறிச் சத்தந்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து, பட்டோடு சரிகையும் சேர்த்து நெய்து தரும் புடவை, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து. அத்தகைய புடவையைப் பல வருஷங்கள் கழித்துப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தால், ஒருகாலத்தில் ஜொலித்த முந்தி கறுத்துக் கிடப்பதுண்டு. உடனே, "போலிச் சரிகையைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்!" என்று நெய்தவர் தலையில் பழி விழுகிறது. தீர்ப்புச் சொல்லுமுன் ரஸாயன சாஸ்திரத்தின் சாட்சியத்தையும் நாம் கேட்பதல்லவா நியாயம்?

அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதில் பொன், எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

எந்த அணுவிலும் நடுவே கருவும், அதைச் சுற்றி அடுக்கடுக்காக எலெக்ட்ரான்களும் உண்டு. உள்ளடுக்குகளில் இருப்பவை பெரும்பாலும் வெளி விவகாரங்களில் தலையிடுவதில்லை. கொடுக்கல் வாங்கல் எல்லாம் கடைசி அடுக்கில் உள்ளவற்றின் பொறுப்பு. 1916-ல் அமெரிக்காவில் லூயிஸும் ஜெர்மனியில் கோஸெலும் இந்த உண்மையை விளக்கினார்கள். ஸோடியத்தின் கடைசி அடுக்கில் ஒரே எலெக்ட்ரான், குளோரினுக்கு ஏழு. முன்னது அந்த ஒன்றைக் கொடுத்து நேர் அயனியாகிறது. பின்னது அதைப் பெற்று எட்டாக்கிக்கொண்டு எதிர் அயனியாகிறது. தண்ணீர் பட்டாலே சீறும் உலோகமும் நச்சு வாயுவும் இவ்வாறு கூடித்தான் நாம் ரஸத்தில் போடும் உப்பாகின்றன.

வெள்ளிக்கு எலெக்ட்ரான்கள் 47, பொன்னுக்கு 79. இரண்டுக்குமே கடைசி அடுக்கில் ஒன்றுதான். பின் ஏன் ஒன்று கறுக்கிறது, மற்றது மின்னுகிறது? எண்ணிக்கை மட்டும் போதாது, பிடியும் வேண்டும். எலெக்ட்ரான்-வோல்ட் என்னும் அளவில், அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க ஸோடியத்தில் 5.1, வெள்ளியில் 7.6, பொன்னில் 9.2 தேவை. பொன்னின் கனத்த கருவருகே எலெக்ட்ரான்கள் பெருவேகம் கொள்வதால், ஐன்ஸ்டைன் கண்ட சார்பியல் விதிப்படி கடைசி எலெக்ட்ரானும் உள்ளே இழுக்கப்படுகிறது. கஞ்சனின் கைக்காசுபோல் அதை எளிதில் பிடுங்க முடியாது.

வெள்ளி அவ்வளவு கெட்டியன்று. காற்றில் சிறிதளவே கலந்திருக்கும் கந்தக வாயுவும், பிராணவாயுவும், ஈரமும் சேர்ந்தால் அது எலெக்ட்ரானை விட்டுவிடும். கந்தகத்தின் கடைசி அடுக்கில் ஆறு. எட்டாக இரண்டு குறைவு. ஆகவே இரண்டு வெள்ளிக்கு ஒரு கந்தகம் என்ற கணக்கில் கரிய வெள்ளி ஸல்பைடு உண்டாகிறது. முலாம் வெகு மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளிப்பட்டுக் கறுக்கிறது.

எனவே கறுப்பு மட்டும் மோசடிக்குச் சாட்சியாகாது. செம்பும் கறுக்குமாதலால், அது அசலுக்கு அத்தாட்சியுமாகாது. ஐயமுள்ளவர்கள் எக்ஸ்-கதிர் கொண்டு உலோக விகிதம் காட்டும் கருவியில் சோதித்தறியலாம்.

ரப்பரிலும் கம்பளியிலும் கந்தகம் உண்டு. பட்டை அவற்றோடு வைக்கலாகாது. வியர்வை உலர்ந்தபின், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வைப்பதே நலம். நம் பாட்டிமார் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்ததும் இதைத்தான். சரிகையைக் காப்பது நம் கையில். நெய்தவரின் நற்பெயரைக் காப்பதும் நம் நாவில் இருக்கிறது.