அரட்டையோடு அரட்டையாக ஒரு வியாபாரம்

பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் புது ஆல்பத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்த எந்தத் தொலைக்காட்சி அரங்குக்கும் போகவில்லை. 2025 ஆகஸ்ட் 13 அன்று அவர் வந்து உட்கார்ந்தது ‘நியூ ஹைட்ஸ்’ பாட்காஸ்ட்டில். நடத்துபவர்கள் காதலர் டிராவிஸ் கெல்சியும் அவருடைய அண்ணன் ஜேசனும். இருவருமே அமெரிக்கக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள். யூடியூபில் ஒரே நேரத்தில் 13 லட்சம் பேர் பார்த்தார்கள்.

சுமார் இரண்டு மணி நேரப் பேச்சு. வீட்டில் ரொட்டி சுடும் பைத்தியம் பிடித்த கதை வருகிறது. கைவிட்டுப் போன பழைய பாடல்களின் உரிமையை மீட்க, அம்மாவும் தம்பியும் நேரில் போய்ப் பேசியதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. இவற்றுக்கிடையே வெளிர்பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. திறந்தால் உள்ளே புது ஆல்பம்! முன்பதிவு இணையத்தில் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. எதிரே ஒரு நிருபர் இருந்திருந்தால் வியாபாரத்தைப் பற்றி ஒன்றிரண்டு குறுக்குக் கேள்விகளாவது விழுந்திருக்கும். காதலரும் அவருடைய அண்ணனும் எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

அந்த நேயர்களுக்கு இது விளம்பரமாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் இதே நிகழ்ச்சியில்தான் டிராவிஸ் புலம்பினார்: கான்சஸ் சிட்டி கச்சேரிக்குப் போனேன், என் போன் நம்பர் போட்ட கைவளையம் ஒன்றை அந்தப் பாடகியிடம் கொடுக்க நினைத்தேன், பார்க்கவே முடியவில்லை. அன்றிலிருந்து கூடவே வந்த நேயர், இந்தச் சம்பந்தம் கூடியதில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தால் தப்பே இல்லை. ஆல்பம் வரும் செய்தி அவருக்கு வீட்டு விசேஷம் மாதிரிதான் போய்ச் சேரும்.

பழகாதவரோடு பழகிவிட்டதாகத் தோன்றும் இந்த ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது அது தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு முடிந்தது. இப்போது அடுப்படியில், பஸ்ஸில், தூக்கம் வராத ராத்திரியில் பாட்காஸ்ட்டின் குரல் காதுக்குள்ளேயே இருக்கிறது. இருமல், திக்கல், அசட்டுச் சிரிப்பு எதையும் பலர் வெட்டுவதில்லை. அவற்றை வெட்டாமல் விடுவதும் எடிட்டிங்தான்.

ஜேசன் பேட்மேன், ஷான் ஹேய்ஸ், வில் ஆர்னெட் ஆகிய மூன்று நடிகர்கள் 2020-இல் ‘ஸ்மார்ட்லெஸ்’ என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கினார்கள். ஒருவர் விருந்தாளியைக் கூட்டிவருவார்; வருவது யாரென்று மற்ற இருவருக்கும் தெரியாது. அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியம் நிஜம். கிண்டலும் நிஜ நண்பர்களின் கிண்டல். ஐந்து வருஷம் அதைக் கேட்டுச் சிரித்தவர்களிடம் 2025-இல் ‘ஸ்மார்ட்லெஸ் மொபைல்’ என்ற பெயரில் செல்போன் சேவையையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நட்பு நிஜமாக இருப்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல்.

தொலைக்காட்சியில் விளம்பரம் என்றால் இசை மாறும், முகம் மாறும், நாமும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம். பாட்காஸ்ட்டில் அதே ஆள், அதே குரலில், “நான் இதைத் தினமும் சாப்பிடுகிறேன்” என்கிறார். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து எல்.ஐ.சி. பாலிசி பேசும் சித்தப்பா போல. எழுந்து போகவும் முடியாது, முழுசாகச் சந்தேகப்படவும் மனசு வராது.

சித்தப்பாவுக்குக் கமிஷன் உண்டு என்பதாவது நமக்குத் தெரியும். ‘டைரி ஆஃப் எ சிஇஓ’ பாட்காஸ்ட்டை நடத்தும் ஸ்டீவன் பார்ட்லெட் என்பவர் ஹியூல், ஸோயி ஆகிய உணவு, ஆரோக்கிய நிறுவனங்களைப் பாராட்டும் ஃபேஸ்புக் விளம்பரங்களில் வந்தார். முதலாவதில் அவர் இயக்குநர், இரண்டாவதில் முதலீட்டாளர். அதை விளம்பரங்கள் சொல்லவில்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2024-இல் அவற்றுக்குத் தடை போட்டது. காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பதால் பிடிக்க முடிந்தது. மணிக்கணக்கில் ஓடும் பேச்சுக்கு நடுவே நழுவி விழும் ஒரு பாராட்டை எந்த அதிகாரி உட்கார்ந்து கேட்பார்?

சத்துமாவும் சிம் கார்டும் போகட்டும். 2024 அக்டோபர் 25 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, டிரம்ப் டெக்சாஸில் பாட்காஸ்ட் நடத்தும் ஜோ ரோகன் எதிரே சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். மிஷிகனில் பிரசாரக் கூட்டம் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தது. குத்துச்சண்டை, திமிங்கிலம், செவ்வாய்க் கிரகம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் நிதானமாகப் பேசக் கேட்டால் எந்த மனிதரும் சகஜமான ஆளாகத் தெரிவார். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சில நாட்களில் யூடியூபில் மட்டும் மூன்று கோடிப் பார்வைகள். நவம்பர் 4-இல் ரோகன் வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தார். நவம்பர் 6 அதிகாலை, ஃபுளோரிடாவில் வெற்றி மேடை. டிரம்ப் அழைத்ததும் மைக்கைப் பிடித்த நண்பர் டானா வைட், பாட்காஸ்ட்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி தெரிவித்தார். கடைசிப் பெயர், ஜோ ரோகன்.