கேலா லில்லி: தொட்டியில் வைக்கலாம், ஓடையில் வைக்காதீர்கள்!

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போய் வந்தவர்கள் சதுப்பு ஓரங்களில் வெள்ளைக் கூம்பு போல நிற்கும் பூவைப் பார்த்திருப்பார்கள். ‘அது நம்ம கள்ளக்குறிச்சியில் வருமா, கல்வராயன் மலையில் சாகுபடியாகச் செய்யலாமா?’ என்பது வாசகர்களின் கேள்வி. சமவெளியில் குளிர்காலத் தொட்டிச் செடியாக வரும். மலையில் தோட்டத்திலும் வைக்கலாம். ஏக்கர் கணக்கில் போடுவதென்றால், பூவை வாங்குகிறவரை முதலில் பிடித்துவிட்டு, அப்புறம் கிழங்குக்குப் பணம் கொடுங்கள்.

பெயரில்தான் லில்லி. உண்மையில் இது சேனை, சேம்பு குடும்பம். வெள்ளையாகத் தெரிவது இதழ் அல்ல, மடல். நடுவே உள்ள மஞ்சள் தண்டில்தான் சின்னச்சின்னப் பூக்கள் ஒட்டியிருக்கும். சேனை பூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியும். நல்லவேளை, அந்த நாற்றம் இதில் இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து நட்டால் நஷ்டம்தான். தென்னாப்பிரிக்காவின் ஈர நிலங்களிலிருந்து வந்த வெள்ளை வகைக்குத் தண்ணீர் பிடிக்கும். சேறாக இருந்தாலும் தாங்கும், வெயிலைத் தாங்காது. மஞ்சள், இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு நிறங்களில் விற்கும் ஒட்டு ரகங்கள் அப்படியே எதிர்மாறு. கிழங்கைச் சுற்றித் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். பூத்து முடித்ததும் ஓய்வும் வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் வண்ண ரகங்களைத் தொட்டியில் முயற்சி செய்யலாம். நவம்பரில் நட்டால் இரவுக் குளிர் இருக்கும்போதே செடி வளர்ந்துவிடும். மழை நேரடியாக விழாத தாழ்வாரம் நல்லது. 8 முதல் 10 அங்குலத் தொட்டியில் செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகக் கலந்து, முளைக்கண் மேலே பார்க்கும்படி 2 அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை வரும்வரை லேசான ஈரம் போதும். காலை வெயில் படலாம், மதிய வெயில் கூடாது. இரண்டு, மூன்று மாதத்தில் பூக்கும். இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிட்டு, கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் போட்டு வையுங்கள்.

சேனையை வெட்டிச் சாணிப்பாலில் நனைத்து நடுகிறோமே, அந்த வேலை இதற்கு ஆகாது. காயம்பட்ட கிழங்கில்தான் அழுகல் நோய்ப் பாக்டீரியா முதலில் நுழையும். ஒருநாள் நன்றாக நின்ற செடி அடித்தண்டு கொழகொழத்து, கெட்ட வாடையோடு சாய்ந்துவிடும். அதன்பிறகு காப்பாற்ற வழியில்லை. மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். பச்சைச் சாணமும் அளவுக்கு மீறிய யூரியாவும் இந்த நோய்க்கு விருந்து. நடும் முன் கிழங்கைச் சூடோமோனாஸ் கரைசலில் நனைத்தால் கொஞ்சம் பாதுகாப்பு.

கல்வராயன் மலை, ஊட்டியைப் போல 7,000 அடி உயரம் இல்லை. ஆனாலும் மேட்டுப்பகுதிக் கிராமங்களில் மர நிழல் இருந்தால், வெள்ளை வகையை நிலத்திலேயே நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். வீட்டுக் கழுவுநீர் ஓடும் இடத்தைவிட, நல்ல தண்ணீர் பாயும் பாத்தியில் பூ தெளிவாக இருக்கும்.

‘ஈரம் பிடிக்கும் செடிதானே’ என்று ஓடைக்கரையில் மட்டும் நட்டுவிடாதீர்கள். நீலகிரியில் தோட்டத்துக்கு வந்த செடிதான் இன்று சதுப்புகளில் தானாகப் பரவி நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைக் களையாகவே அறிவித்திருக்கிறார்கள். பழத்தைப் பறவை தின்று விதையைப் பரப்பும். உடைந்த கிழங்குத் துண்டும் முளைக்கும். நம் மலை ஓடைகள் கோமுகி அணைக்கு இறங்குபவை. ஒரு வெள்ளம் போதும், துண்டுகள் கீழே போய்ச் சேர. பூ வாடியதும் காய் பிடிக்கும் முன் தண்டை எடுத்துவிடுங்கள், தோண்டிய கழிவையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள்.

இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சேனை நாக்கை அரிப்பதும் இதனால்தான். வேகவைத்துச் சாப்பிடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். ஆடு, மாடு, தவழும் குழந்தை எட்டாத இடத்தில் தொட்டி இருக்கட்டும். பூவைக் கத்தியால் வெட்டாமல், தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் கழன்று வரும். சாறு பட்டால் கை அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள்.