உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஃபேன், 140 கிலோ கரியமில வாயு

நம் வீட்டுச் சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் எடுக்கும். அதே காற்றைத் தரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு 30 வாட் சொச்சம் போதும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால், சுழலும் பகுதியைக் காந்தமாக்க அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம்.

நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 200 யூனிட் மிச்சம். இந்தியாவில் பெரும்பாலான மின்சாரம் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு என்று வைத்தால், அந்த ஒரே ஃபேனால் குறைவது 140 கிலோ! விலை கூடுதல்தான், ஆனால் கரண்ட் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிடும்.

சுவரில் இன்னும் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருக்கிறதா? அருகில் கை வைத்தால் சூடு தெரியும். வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாக வேண்டிய மின்சாரம் அங்கேதான் வெப்பமாக வீணாகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாற்ற அரைமணி நேர வேலை.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை தேடுவதில் என்ன பயன்?

பழைய ஃபேனுக்குக் காயில் கட்டக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.