செல்போன் திணறினாலும் பேசும் ஹாம் ரேடியோ!

மாரத்தான் பாதையோரம் தண்ணீர் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாக்கி-டாக்கியுடன் நிற்பவர்களைக் கவனித்ததுண்டா? பல நாடுகளில் அவர்கள், சம்பளம் வாங்காத ஹாம் ரேடியோ தன்னார்வலர்கள்.

யாராவது மயங்கி விழுந்தால், இடத்தையும் அவர் சட்டையிலுள்ள எண்ணையும் மருத்துவக் குழுவுக்கு உடனே சொல்வார்கள். ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். செல்போன் டவர் தேவையில்லை.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தபோது செல்போன்கள் திணறின. ஹாம் ரேடியோ தொடர்ந்து பேசியது. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து தகவல் அனுப்பியவர் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி.

இதற்கு மத்திய அரசின் உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். விக்கிரமங்கலத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளைக்கும் கதவு திறந்தே இருக்கிறது!