கடைசியாகப் பேசுபவருக்கு லாபம்! போக்கர் கணக்கை எக்ஸெலில் பார்ப்போமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எக்ஸெல் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் சம்பளப் பட்டியல் போடும் வேலை யாருக்கும் இல்லை. இதை வைத்து என்ன செய்வது?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நீங்கள் எதில் அடிக்கடி நஷ்டப்படுகிறீர்களோ, அதை எக்ஸெலில் போட்டுப் பாருங்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக் கொண்டேன். 2022-ம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து, கையில் சம்பளம் புழங்கத் தொடங்கிய நேரம். இரவு நேரத்தில் ஓர் இணைய தளத்தில் பணம் கட்டி போக்கர் ஆட ஆரம்பித்தேன். மூன்று மாதங்களில் 14,600 ரூபாய் போய் விட்டது. வீட்டில் சொல்லவில்லை. "நமக்குச் சீட்டு சரியாக வருவதில்லை" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். இன்ஜினியரிங் படித்தவன் சொல்கிற காரணமா இது?

ஒரு ஞாயிற்றுக் கிழமை, என் ஆட்டப் பதிவுகள் அனைத்தையும் டவுன்லோட் செய்து எக்ஸெலில் ஏற்றினேன். நான் அமர்ந்திருந்த இடம் ஒரு நெட்டு வரிசையில். அந்த ஆட்டத்தின் லாப நஷ்டம் அடுத்த நெட்டு வரிசையில். இடம் வாரியாகப் பிரித்துக் கூட்டினேன். முதலில் பேச வேண்டிய மூன்று இடங்களில் மட்டும் 9,200 ரூபாய் நஷ்டம். கடைசியாகப் பேசும் இரண்டு இடங்களில் 1,400 ரூபாய் லாபம்! சீட்டு எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிதானே வருகிறது? பின் ஏன் இந்த வித்தியாசம்?

ஆட்டம் எப்படி?

உலகில் அதிகம் ஆடப்படும் போக்கர் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று எனத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் உள்ளதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகி விட்டால், மிஞ்சிய ஒருவர் சீட்டைக் காட்டாமலேயே ஜெயிப்பார்.

மேஜையில் "பட்டன்" என்ற வட்ட வில்லை ஒருவர் முன் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது அடுத்தவருக்கு நகரும். பட்டனுக்கு இடது புறம் உள்ள இருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக ஒரு தொகை வைக்க வேண்டும். இதற்கு "பிளைண்ட்" என்று பெயர். சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10 என்று வைத்துக் கொள்வோம். இவர்களுக்கு அடுத்தவர் முதலில் பேசுவார். ஒன்பது பேர் மேஜையில் அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருப்பார்கள். பட்டனில் இருப்பவருக்குப் பின்னால் அந்த இரண்டு பிளைண்ட் மட்டுமே. பொதுச் சீட்டுகள் திறந்த பிறகோ, எப்போதும் பட்டன்தான் கடைசி.

ஏலத்தில் மற்றவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்று தெரிந்து கொண்டு கடைசியாக விலை சொல்பவரை நினைத்துப் பாருங்கள். பட்டனில் இருப்பவர் அவர்தான்.

எக்ஸெலில் ஒரு சிறு பயிற்சி

இப்போது உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்திடுங்கள். மேலே ஒரு செல்லில் 10% என டைப் செய்யவும். ஒருவருக்கு மிக நல்ல சீட்டு, அதாவது முதல் பத்து சதவீதத்தில் உள்ள சீட்டு, வரும் வாய்ப்பு இது. அதற்குக் கீழே ஒரு நெட்டு வரிசையில் 8, 7, 6, 5, 4, 3, 2 என எழுதவும். இது உங்களுக்குப் பின்னால் பேச இருப்பவர்களின் எண்ணிக்கை.

8-க்குப் பக்கத்து செல்லில் =1-(1- என்று டைப் செய்து, 10% உள்ள செல்லைக் கிளிக் செய்து, எஃப்4 கீயை அழுத்தவும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு )^ என்று டைப் செய்து, 8 உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். எஃப்4 எதற்கு? ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது 10% உள்ள செல் மட்டும் நகராமல் நிற்பதற்காக. இனி ஃபார்முலா உள்ள செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து 2 வரை இழுத்து விடுங்கள். மெனுவில் % அடையாளத்தைக் கிளிக் செய்தால் விடைகள் சதவீதமாகத் தெரியும்.

பின்னால் எட்டுப் பேர் இருந்தால் 57 சதவீதம். நான்கு பேர் என்றால் 34. மூவர் என்றால் 27. இருவர் என்றால் 19. பின்னால் உள்ளவர்களில் ஒருவரிடமாவது மிக நல்ல சீட்டு இருக்கும் வாய்ப்பு இது. உங்கள் கையில் உள்ள சீட்டு மற்றவருக்குப் போகாது என்பதால் உண்மை எண் சிறிது மாறும். ஆனால் பாடம் மாறாது.

என் நஷ்டப் பட்டியலில் அடிக்கடி வந்த சீட்டு, வெவ்வேறு சின்னத்தில் ஏஸ்-9. முதல் இடத்தில் இதை ஆடினால், பாதிக்கு மேற்பட்ட முறை பின்னால் ஒரு பலசாலி காத்திருக்கிறார். அவரிடம் ஏஸ்-ராஜா இருந்தால் நான் நான்கு முறைக்கு ஒரு முறைதான் ஜெயிக்க முடியும். அதே ஏஸ்-9 பட்டனில், எல்லோரும் விலகிய பின், நல்ல சீட்டு. சீட்டு மாறவில்லை, இடம்தான் மாறியது.

பிளைண்டை வளைத்துப் போடுவது

எல்லோரும் விலகி ஆட்டம் பட்டனுக்கு வந்து விட்டது. நடுவில் 15 கிடக்கிறது. நீங்கள் 25 வைத்து ஏற்றுகிறீர்கள். 15-ஐ அடைய 25-ஐப் பணயம் வைப்பதால், 25-ஐ 40-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். இத்தனை முறை இருவரும் விலகினால், மற்ற நேரங்களில் முழுத் தொகையும் போனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

இருவரும் முதல் பத்து சதவீதச் சீட்டுக்கு மட்டுமே ஆடுபவர்கள் என்றால் 81 சதவீத நேரம் விலகி விடுவார்கள். எந்தச் சீட்டுக்கும் லாபம்தான். அவர்கள் 30 சதவீதச் சீட்டுகளுக்கு ஆடுபவர்கள் என்றால்? மேலே உள்ள 10%-ஐ 30% என மாற்றுங்கள். மொத்தப் பட்டியலும் உடனே மாறும். எக்ஸெலின் அழகே இதுதான்! இருவரும் விலகும் வாய்ப்பு 49 சதவீதமாகச் சுருங்கி விடும். அப்போது கையில் உள்ள சீட்டுக்கும் ஏதாவது தகுதி இருக்க வேண்டும்.

எந்தச் சீட்டுகளை ஆடலாம்?

52 சீட்டில் இரண்டை எடுக்க 52×51÷2, அதாவது 1326 வழிகள். ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாக வரும். ஒரே சின்னத்தில் ஏஸ்-ராஜா போன்றவை 4 விதம். வெவ்வேறு சின்னத்தில் 12 விதம். இதை மனதில் வைத்துப் பட்டியல் போட்டேன்.

முதல் இடத்தில்: 7 ஜோடியும் அதற்கு மேலும், எந்தச் சின்னமானாலும் ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சின்னத்தில் ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ராஜா-ராணி. மொத்தம் 92 வழிகள். அதாவது 7 சதவீதம்.

பட்டனில், முன்னால் எல்லோரும் விலகி இருந்தால்: எல்லா ஜோடிகளும் (78), ஒரே சின்னத்தில் ஏஸுடன் எதுவும் (48), ஏஸ் தவிர்த்து 10-க்கும் ராஜாவுக்கும் இடைப்பட்ட எந்த இரண்டும், ஒரே சின்னத்தில் (24), வெவ்வேறு சின்னத்தில் (72), ஒரே சின்னத்தில் 10-9, 9-8, 8-7, 7-6, 6-5 (20), வெவ்வேறு சின்னத்தில் ஏஸ்-8 முதல் ஏஸ்-ராஜா வரை (72). மொத்தம் 314 வழிகள். கிட்டத்தட்ட 24 சதவீதம். கை தேர்ந்தவர்கள் இங்கே 40 சதவீதத்துக்கும் மேல் ஆடுவார்கள். புதியவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும்.

ஒரே சின்னத்தில் 6-5 எதற்கு என்று கேட்கலாம். எதிராளி விலகாவிட்டாலும் வரிசையோ, ஐந்தும் ஒரே சின்னமாகவோ அமையும் வாய்ப்பு அதற்கு உண்டு. வெவ்வேறு சின்னத்தில் 7-2-க்கு அப்படி எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. முன்னால் ஒருவர் ஏற்கெனவே ஏற்றி இருந்தால் இந்தப் பட்டியலைத் தூக்கி வைத்து விடுங்கள். எட்டுப் பேர் காத்திருக்கும்போது துணிந்து ஏற்றியவரிடம் ஏதோ இருக்கிறது. ஏஸ்-9, ராஜா-ஜாக்கி போன்றவற்றைக் கவிழ்த்து விடுவதே நல்லது. பட்டனில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் நான் செய்த இரண்டாவது தவறு இதுதான்.

கம்ப்யூட்டரின் சாட்சி

இடத்துக்கு உண்மையிலேயே இவ்வளவு மதிப்பு உண்டா? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர், பந்தயத் தொகைக்கு வரம்பு உள்ள இருவர் ஆடும் ஹோல்டெமை "செஃபியஸ்" என்ற புரோகிராம் மூலம் ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்து, 2015 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 24 கோர்கள் உள்ள 200 கம்ப்யூட்டர்கள் 69 நாட்கள் வேலை செய்தன. இருவரும் பிழையின்றி ஆடினாலும், பொதுச் சீட்டு திறந்த பின் கடைசியாகப் பேசும் பட்டன்காரருக்கே லாபம் என்று தெரிந்தது. பெரிய பிளைண்ட் 10 என்றால், 100 ஆட்டங்களுக்குச் சுமார் 88.

காரணமும் எளிது. ஜோடியில்லாத இரண்டு சீட்டுகளுக்கு, முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மூன்றில் இரண்டு முறை எதுவும் சேராது. இருவருக்குமே ஒன்றும் சேராதபோது, எதிராளி தயங்குவதைப் பார்த்து விட்டுப் பேசுபவர் ஜெயிக்கிறார்.

பட்டியலுக்குப் பிறகு என்ன ஆனது?

அடுத்த இரண்டு மாதங்கள் இந்தப் பட்டியலை ஒட்டியே ஆடினேன். நஷ்டம் 1,900 ரூபாயாகக் குறைந்தது. சந்தோஷமாகப் பதிவுகளைத் திறந்தேன். இந்த முறை, தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்துக் கொண்ட கமிஷனுக்கும் ஒரு நெட்டு வரிசை போட்டேன். கூட்டினால் 2,300 ரூபாய். அதாவது, மேஜையில் இருந்தவர்களை நான் 400 ரூபாய்க்கு ஜெயித்திருக்கிறேன். அதற்கு இரண்டு மாத இரவுகளும் 1,900 ரூபாயும் செலவு! அன்றே கணக்கை மூடினேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல் மாதமே கூட்டிப் பார்த்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. எனவே பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆட்டம் பிடித்திருந்தால் கம்ப்யூட்டரை எதிர்த்து இலவசக் காய்களுடன் ஆடிப் பாருங்கள். வீட்டில் புளியங்கொட்டை வைத்தும் ஆடலாம். நூறு ஆட்டம் முடிந்ததும், எந்த இடத்தில் எவ்வளவு போனது என்று எக்ஸெலில் கூட்டிப் பாருங்கள். சீட்டைக் குறை சொல்லும் பழக்கம் அன்றோடு நின்று விடும்.